யாரும் எழுதாத கடிதம்

வியாழக்கிழமை சாயங்காலம் விவேக் நகரில் அவசரமாக எங்கேயும் போய்விட முடியாது. குழந்தை இயேசு கோயிலுக்கு ஊரே வந்து இறங்கும். ஆட்டோக்காரர்கள், மெழுகுவத்தி விற்பவர்கள், செருப்பைத் தொலைத்துவிட்டுத் தேடுகிறவர்கள் என்று தெருவில் கால் வைக்க இடம் இருக்காது. அந்தக் கூட்டத்துக்குள் ஒரு அக்காவும் தங்கையும் கையைப் பிடித்துக்கொண்டு, கோயிலுக்குப் போகாமல், எதிர்ப்பக்கமாக முட்டி மோதி ஓடிக்கொண்டிருந்தார்கள்.

அக்கா மலருக்குப் பத்து வயது. தங்கை பிரிஜெட்டுக்கு ஆறு. அவளை யாரும் பிரிஜெட் என்று கூப்பிட்டதே இல்லை. தெருவுக்கே அவள் பிஜ்ஜி.

"மெல்ல போக்கா, செருப்பு கழண்டுக்குது!"

"கைல எடுத்துக்கோ. டென்சில் அங்கிள் கடை சாத்திடுவாரு."

"அவரு எப்ப சாத்திருக்காரு? நீ சும்மனே சொல்ற."

பிஜ்ஜி சொன்னது சரிதான். டென்சில் கடை அவ்வளவு சீக்கிரம் மூடாது. ஆனால் மூன்று வாரமாகக் கடிதம் வராதவர்களுக்கு எல்லாக் கடையும் மூடப்போவது மாதிரிதான் தோன்றும்.

இது இரண்டாயிரமாவது ஆண்டு மே மாதம் நடந்தது. வெளிநாட்டில் இருக்கிறவர் முகத்தைப் போனில் பார்த்துப் பேசுவதெல்லாம் அப்போது கிடையாது. மலரின் அம்மா ஆரோக்கியமேரி குவைத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை பார்த்தார். அப்பா குணசேகர் கோலார் தங்கவயல்காரர். இங்கே வந்து ஆட்டோ ஓட்டினார். அம்மாவிடமிருந்து வாரம் ஒரு ஈமெயில் வரும். அது வருகிற இடம் டென்சில் அங்கிளின் பிரவுசிங் சென்டர்.

அந்தத் தெருவில் ஒரு வழக்கம் இருந்தது. மஸ்கட், துபாய், குவைத் என்று தெருவில் பாதி வீட்டு ஆட்கள் வெளிநாட்டில் இருந்தார்கள். ஆனால் யாருக்கும் தனி ஈமெயில் முகவரி கிடையாது. எல்லாருக்கும் டென்சில் கடை முகவரிதான். யாருக்குக் கடிதம் வந்தாலும் அங்கேதான் வரும், பதில் போவதும் அங்கிருந்துதான். வெளிநாட்டு முகவரிகள் அத்தனையையும் அவர் ஒரே கம்ப்யூட்டரில் வரிசையாகப் போட்டு வைத்திருந்தார். "நம்ம தெருவோட போஸ்ட் ஆபீஸ்" என்று அதைத் தட்டிக் காட்டிப் பெருமைப்படுவார். அது பெருமைப்பட வேண்டிய விஷயமா என்று அவரைக் கேட்க அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

அம்மாவுக்கு டைப் அடிக்கத் தெரியாது. ஆஸ்பத்திரி ஆபீசில் வேலை செய்யும் சீதாலட்சுமி ஆன்ட்டியிடம் போய்ச் சொல்லச் சொல்ல, அந்த ஆன்ட்டி ஆங்கில எழுத்தில் தமிழை அடித்து அனுப்புவார். எல்லாக் கடிதமும் ஒரே மாதிரிதான் தொடங்கும். மலர் சாப்பிட்டாளா, பிஜ்ஜி சாப்பிட்டாளா, அப்பா சாப்பிட்டாரா? மூன்று வயிற்றையும் விசாரித்த பிறகுதான் மற்ற பேச்சு.

மார்ச் மாதம் ஒரு போட்டோவும் வந்தது. பச்சைச் சீருடையில், ஆஸ்பத்திரி வாசலில், வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அம்மா நின்றார். கலர் பிரிண்ட் போட ஆகிற காசுக்கு அப்பா யோசித்தார். அதனால் அது டென்சில் அங்கிளின் கம்ப்யூட்டரிலேயே இருந்தது. வாராவாரம் போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள்.

இந்த மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை மலருக்குப் புதுநன்மை. கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். வெள்ளை கவுன், தலையில் வெள்ளைப் பூ கிரீடம், கையில் மெழுகுவத்தி. "கிரீடம் நான்தான் வெச்சு விடுவேன், வேற யார் கையும் படக் கூடாது, அதுக்குள்ள ஓடி வந்துடறேன்" என்று அம்மா போகும்போதே சொல்லியிருந்தார். புதுநன்மைக்கு இன்னும் பத்து நாள்தான் இருந்தது. அம்மா வருகிறாரா இல்லையா என்று ஒரு வார்த்தை வரவில்லை.

"வாங்க பெரிய மேடம், வாங்க சின்ன மேடம்," என்றார் டென்சில் அங்கிள்.

"லெட்டர் வந்திருக்குதா அங்கிள்?"

"ஸ்வல்ப இரு கண்ணு. இப்பத்தான் லைன் போட்டிருக்கேன்."

அந்தக் காலத்து இன்டர்நெட் டெலிபோன் வயர் வழியாகத்தான் வரும். வரும்போது கீச்சென்றும் கர்ரென்றும் கத்திக்கொண்டே வரும். பிஜ்ஜியும் கூடவே அதே மாதிரி கத்தினாள். பக்கத்துக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்த காலேஜ் பையன் எழுந்து போய்விட்டான்.

"ஆங், வந்துடுச்சு! குவைத்துலருந்து ஒண்ணு!"

பிஜ்ஜி ஸ்டூல் மேலே ஏறிவிட்டாள். தலைப்பில் மூன்று ஆங்கில வார்த்தைகள் ஒட்டிக்கொண்டு நின்றன. வாழ்த்து அட்டைக் கடையில் கரடி பொம்மை வயிற்றில் எழுதியிருக்கும் அதே வார்த்தைகள். அதைப் படிக்க பிஜ்ஜிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"ஐ... லவ்... யூ! அக்கா, அம்மா ஐ லவ் யூ சொல்லிருக்குது!"

மலருக்குக் கண் கலங்கிவிட்டது. அம்மா அப்படியெல்லாம் சொல்லி அவள் கேட்டதே கிடையாது. அவர்கள் வீட்டில் யாரும் யாரிடமும் அப்படிச் சொல்லிக்கொள்வதில்லை. அதனாலேயே அது எங்கேயோ போய்த் தொட்டது.

உள்ளே ஒரே ஒரு ஆங்கில வரி. கூட அனுப்பியிருக்கும் அன்புக் கடிதத்தைப் பார்க்கவும் என்று டென்சில் அங்கிள் அர்த்தம் சொன்னார். வரிக்குக் கீழே ஏதோ ஒன்று இணைக்கப்பட்டிருந்தது.

"என்னமோ வெச்சு அனுப்பிருக்காங்க பாரு. டிக்கெட் காப்பியா இருக்கும் கண்ணு!"

"டிக்கெட்டா? அப்ப அம்மா வருதா?"

"வராம பின்ன? மூணு வாரமா சத்தமே இல்லாம இருந்துட்டு, இப்ப சர்ப்ரைஸ் குடுக்கறாங்க."

"நான் அமுக்கறேன், நான் அமுக்கறேன்!"

"அமுக்கு ராணி. ரெண்டு தடவ. டக் டக்."

பிஜ்ஜி நாக்கைக் கடித்துக்கொண்டு மவுஸை அமுக்கினாள். டக், டக். ஒன்றும் திறக்கவில்லை. ஆனால் அவளுக்கு அதற்கெல்லாம் பொறுமை ஏது? "அப்பாகிட்ட சொல்லிட்டு வரேன்!" என்று ஸ்டூலிலிருந்து குதித்தாள். தெருமுனை ஆட்டோ ஸ்டாண்டைப் பார்த்து ஒரே ஓட்டம்.

"லேட்டாகுது போல. திறக்கட்டும்," என்றார் டென்சில் அங்கிள்.

"அதுவரைக்கும் அம்மா போட்டோ காட்டுங்க அங்கிள்."

அவர் போட்டோவைத் தேடினார். பெயர் இருந்தது, கொஞ்சம் மாறியிருந்தது. அமுக்கினால் படம் வரவில்லை. இன்னொரு போட்டோவை அமுக்கினார். அதுவும் வரவில்லை. அவர் எடுத்து வைத்திருந்த ஞானஸ்நானப் போட்டோ, கல்யாணப் போட்டோ, ஒன்றும் வரவில்லை. "ஐயே, என்ன ஆச்சு இதுக்கு?" என்று மானிட்டர் தலையில் ஒரு தட்டு தட்டினார்.

மலர் மறுபடி அந்தக் கடிதத்தைப் பார்த்தாள். ஒரே வரி. ஒரு வார்த்தைகூடத் தமிழ் இல்லை. யாரும் சாப்பிட்டார்களா என்றுகூட அம்மா கேட்கவில்லை. அம்மா காய்ச்சலில் படுத்திருந்தாலும் அதைக் கேட்காமல் விடமாட்டாரே!

அப்போதுதான் திரையின் ஓரத்தில் ஒன்றைக் கவனித்தாள். போக வேண்டிய கடிதங்கள் நிற்கும் பெட்டியில் பெயர்கள் வரிசையாக வந்து நின்றன. துபாய் பெயர்கள். குவைத் பெயர்கள். வள்ளியம்மா மகன், மஸ்கட். ஒவ்வொன்றாகக் கிளம்பிப் போய்க்கொண்டும் இருந்தன. எல்லாவற்றுக்கும் ஒரே தலைப்பு, அதே மூன்று வார்த்தைகள்.

"அங்கிள், நீங்க யாருக்காச்சும் லெட்டர் அனுப்பறீங்களா?"

"இல்லையே."

"அப்ப யார் அனுப்பறது?"

டென்சில் அங்கிள் குனிந்து பார்த்தார்.

மலருக்குச் சட்டென்று புரிந்துபோனது. இந்தக் கடிதமும் இப்படித்தான் அங்கிருந்து தானாகக் கிளம்பி வந்திருக்கிறது. இதை அம்மா எழுதவில்லை. இப்போது இங்கிருந்து போகிற கடிதங்களைப் பார்த்து, அங்கே இருக்கிற ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து வந்தது என்றுதான் நினைப்பார்கள். பிஜ்ஜி குதித்தது போல அவர்களும் குதிப்பார்கள். டக் டக் என்று அமுக்குவார்கள்.

அவள் மேஜைக்குக் கீழே புகுந்தாள். டெலிபோன் வயரைப் பிடித்து இழுத்தாள். அது வரவில்லை. காலை உதைத்துக்கொண்டு இரண்டு கையாலும் இழுத்தாள். பட்டென்று கையோடு வந்தது.

அவள் தலையை வெளியே நீட்டியபோது கடை வாசலில் அப்பா நின்றுகொண்டிருந்தார். இடுப்பில் பிஜ்ஜி. அப்பாவின் முகத்தில் அவ்வளவு சிரிப்பை மலர் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது.

"எந்த பிளைட்டும்மா? என்னைக்கு? ஏர்போர்ட்டு தொம்மலூர் தாண்டினா வந்துடும், டாக்ஸி எதுக்கு? நம்ம ஆட்டோலயே கூட்டிட்டு வந்துடலாம். ஸ்டாண்டுல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்..."

மலர் கையில் வயரோடு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"அப்பா," என்றாள். "இது அம்மா எழுதலப்பா."

"எழுதலன்னா?"

"யாரோ... இல்ல, எதுவோ அனுப்பிருக்குது. டிக்கெட்டெல்லாம் இல்லப்பா."

அப்பாவின் சிரிப்பு உடனே போகவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் முகத்திலேயே நின்றது. பிறகு அவர் பிஜ்ஜியைக் கீழே இறக்கிவிட்டு, முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார்.

பிஜ்ஜி நேராக வந்து மலரை அடித்தாள். "நீ பொய் சொல்ற! அம்மா உள்ள இருந்துச்சு! நீதான் வயர புடுங்கிட்ட!"

மலர் அடியை வாங்கிக்கொண்டாள். அவளுக்கும் யாரையாவது அடிக்க வேண்டும் போலத்தான் இருந்தது.

டென்சில் அங்கிள் அதே வயரைப் போனில் மாட்டி, தன் நண்பர் பாலகுமாரைக் கூப்பிட்டார். அவர் தொம்மலூரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை செய்கிறவர். "உன் கடையிலயுமா?" என்றுதான் அவர் முதலில் கேட்டாராம். சீக்கிரமே பைக்கில் வந்து இறங்கினார்.

"எங்க ஆபீஸே படுத்துடுச்சு," என்று உட்கார்ந்தார். "உலகம் பூரா இதே கூத்துதான். இது லெட்டரே இல்ல. லெட்டர் வேஷம் போட்ட ஒரு புரோகிராம். திறந்தீங்கன்னா உங்க கம்ப்யூட்டர்ல இருக்கற போட்டோவெல்லாம் அழிச்சுட்டு அது மேல உக்காந்துக்கும். அப்புறம் உங்க முகவரி லிஸ்ட்டுல இருக்கற எல்லாருக்கும் உங்க பேர்லயே போகும்."

"தெரிஞ்சவங்க பேர்ல வந்துதுப்பா," என்றார் டென்சில் அங்கிள் பாவமாக.

"அதான் அதோட சாமர்த்தியம். தெரியாதவன் அனுப்பினா நீங்க திறப்பீங்களா?"

பிஜ்ஜி ஓரமாக நின்று மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். "அப்ப சீதாலட்சுமி ஆன்ட்டி அனுப்புனாங்களா?" என்று கேட்டாள்.

"இல்ல பாப்பா. அவங்களுக்கே தெரியாம அவங்க கம்ப்யூட்டர் அனுப்பிருக்கு."

"அப்ப ஐ லவ் யூ யார் சொன்னது?"

பாலகுமார் டென்சிலைப் பார்த்தார். டென்சில் மலரைப் பார்த்தார்.

"யாரும் சொல்லல பிஜ்ஜி," என்றாள் மலர்.

போட்டோக்களைத் திரும்பக் கொண்டுவர முடியாது என்று பாலகுமார் சொல்லிவிட்டார். கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெயிலில் நின்ற அம்மா போனது போனதுதான். மலர் தலையாட்டினாள். இப்போது அழ ஆரம்பித்தால் நிறுத்த முடியாது என்று அவளுக்குத் தெரியும்.

"வயர புடுங்கினதால பாதிக்கு மேல இங்கயே நின்னுடுச்சு. நல்ல வேளை," என்றார் பாலகுமார்.

"மீதி போயிடுச்சில்ல?" என்றாள் மலர். "அவங்க திறந்துட்டா வேலை செய்யற எடத்துல கம்ப்யூட்டர் கெட்டுடும். அவங்களத்தான் திட்டுவாங்க. போன் பண்ணிச் சொல்லிடலாம் அங்கிள்."

டென்சில் அங்கிள் ஒரு நிமிஷம் போனையே பார்த்தார். வெளிநாட்டுக்குப் போன் என்றால் சும்மாவா? பிறகு பெருமூச்சு விட்டு எண்களைத் தேட ஆரம்பித்தார். அவரிடம் எண் இல்லாதவர்களின் வீடுகளுக்குச் சொல்ல மலர் கிளம்பினாள்.

வள்ளியம்மா கோயில் வாசலில் மெழுகுவத்தி விற்றுக்கொண்டிருந்தார். வியாபாரம் மும்முரம். மலர் கூட்டத்துக்குள் குனிந்து நுழைந்து, அவர் காதில் சொன்னாள்.

"அத்தை, உங்க பேர்ல மஸ்கட்டுக்கு ஒரு பொய் லெட்டர் போயிடுச்சு. அத திறக்க வேணாம்னு உங்க மகன்கிட்ட உடனே சொல்லணும்."

"என் பேர்லயா? நான் எங்கடி லெட்டர் போட்டேன்? என்னான்னு போயிருக்குது?"

"ஐ லவ் யூன்னு."

வள்ளியம்மா முதலில் வாய்விட்டுச் சிரித்தார். "நாசமாப் போக! அவன் சொல்லாம கொள்ளாம கல்யாணம் பண்ணிக்கிட்டதுலருந்து நான் அவன்கிட்ட நேரா ஒரு வார்த்தை பேசினது கிடையாது. இது போய் சொல்லிட்டு வந்துடுச்சா?" சிரிப்பு பாதியில் நின்றது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இந்த மெழுகுவத்திய கொஞ்சம் பாத்துக்கோ. நானே போன் போட்டுச் சொல்லிட்டு வரேன்."

அவர் போன் பூத்திலிருந்து திரும்பி வர ரொம்ப நேரமானது. திறக்க வேண்டாம் என்று சொல்ல அவ்வளவு நேரம் ஆகாது.

வீட்டில் அன்றைக்கு யாருக்கும் சோறு இறங்கவில்லை. பிஜ்ஜி தட்டைத் தள்ளிவிட்டு மூலையில் போய் உட்கார்ந்தாள். மலர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அக்கா, நான் அமுக்கினதாலதான அம்மா போட்டோ போச்சு?"

"நீ மட்டும் இல்ல. எனக்கும் அமுக்கணும்னுதான் கை துடிச்சுது. நீ முந்திக்கிட்ட, அவ்ளோதான்."

"நிஜமா?"

"நிஜமா. டென்சில் அங்கிளே நம்பிட்டாரு. அப்பாவும் நம்பிடுச்சு. அவ்ளோ ஆசையா இருந்தா யாருக்குத்தான் அமுக்கத் தோணாது?"

பிஜ்ஜி அவள் மடியில் தலையை வைத்து அழுதாள். மலரும் அதுவரை அடக்கி வைத்திருந்ததையெல்லாம் சேர்த்து அழுதாள். அப்பா வந்து இரண்டு பேருக்கும் எதிரே உட்கார்ந்து, சோற்றைப் பிசைந்து, ஆளுக்கு ஒரு உருண்டையாக ஊட்டினார். தானும் ஒரு உருண்டை சாப்பிட்டார்.

அடுத்த வியாழக்கிழமை வந்தது. பாலகுமார் கம்ப்யூட்டரைக் கழுவித் துடைத்தது போலச் சரி செய்து கொடுத்திருந்தார். டென்சில் அங்கிள் சுவரில் ஒரு அட்டை மாட்டியிருந்தார். கூட ஏதாவது ஒட்டிக்கொண்டு வந்தால், அனுப்பியவரைக் கேட்காமல் யாரும் திறக்கக் கூடாது. கடைக்காரர் உட்பட! ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனி முகவரியும் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். போஸ்ட் ஆபீஸ் பேச்சை அவர் எடுப்பதே இல்லை.

"குவைத்துலருந்து வந்திருக்கு," என்றார். கையை மவுஸ் பக்கமே கொண்டுபோகவில்லை. "நீயே பாத்துச் சொல்லு கண்ணு."

மலர் தலைப்பைப் பார்த்தாள். மலருக்கு அம்மா எழுதுவது என்று இருந்தது. எதுவும் இணைக்கப்படவில்லை. ஆங்கில எழுத்தில் தமிழ், நீளமாக. திறந்தாள்.

"ஐ லவ் யூ எழுதிருக்குதா?" என்று பிஜ்ஜி கேட்டாள்.

"இல்ல."

"வருதா?"

மலர் படித்தாள். இரண்டாம் தடவையும் படித்தாள். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள்தான். ஆமாம் என்று சொல்லிவிட்டால் பிஜ்ஜி இந்த மூன்று நாளாவது சந்தோஷமாக இருப்பாள். போன வாரம் மாதிரி குதிப்பாள். ஆனால் குதித்த பிறகு என்ன ஆகும் என்பதையும் மலர் போன வாரம்தான் பார்த்திருந்தாள்.

"வரல பிஜ்ஜி. அம்மாக்கு லீவு குடுக்கல."

பிஜ்ஜியின் உதடு பிதுங்கியது. ஆட்காட்டி விரல் மெல்ல மூக்குப் பக்கம் போனது.

"இரு, முழுசா படிக்கறேன்," என்று மலர் சத்தமாக ஆரம்பித்தாள். ஒரு வார்த்தையையும் அவள் விடவில்லை, சேர்க்கவும் இல்லை.

"லீவு குடுப்பாங்க குடுப்பாங்கன்னு பாத்துட்டே இருந்தேன், அதான் எழுதல. உங்ககிட்ட எப்படி இல்லன்னு சொல்றதுன்னு தெரியல கண்ணு. அதுக்குள்ள சீதாலட்சுமி கம்ப்யூட்டரும் கெட்டுப் போச்சு. என் மேல கோவப்படு, பரவால்ல, ஆனா அழுதுட்டு கோயிலுக்குப் போகாத, கண்ணு வீங்கிடும். கிரீடத்த அப்பாவ வெச்சு விடச் சொல்லு. ஹேர்பின் ரெண்டு பக்கமும் குத்தணும், அவருக்குத் தெரியாது, நீ சொல்லிக் குடு. டிசம்பர்ல போலாம்னு ஆபீஸ்ல சொல்றாங்க, கைல பேப்பர் வர்ற வரைக்கும் வரேன்னு நான் சொல்ல மாட்டேன். பிஜ்ஜிய முன் வரிசைல உக்கார வை. ஃபாதர் பிரசங்கம் வெக்கறப்போ அவ மூக்கு நோண்டக் கூடாதுன்னு சொல்லு. இப்பவும் நோண்டிட்டுத்தான் இருப்பா."

பிஜ்ஜி வெடுக்கென்று விரலை எடுத்தாள். கடையைச் சுற்றும் முற்றும் பார்த்தாள். கம்ப்யூட்டருக்குப் பின்னால்கூட எட்டிப் பார்த்தாள்.

"அக்கா," என்றாள் கண்ணை அகல விரித்து. "இது அம்மாதான்!"

மலருக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

பிஜ்ஜி விரலைப் பாவாடையில் நன்றாகத் துடைத்துக்கொண்டாள். ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்து, திரையைப் பார்த்து, "சரிம்மா," என்றாள்.